எழுத்துக்கு முந்தியது பேச்சு

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளை இது என்று அழைப்பிதழில் கண்டேன். வருவதற்கு உடனே ஒப்புக்கொண்டது அதனால்தான். நானும் இந்தத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பிலேயே கழிந்தது. வேறு வகுப்பு எடுங்கள் என்று சொன்னபோதெல்லாம் மறுத்தேன். ஒரு குழந்தை முதன்முதலாக ஒரு சொல்லைத் தானே படித்துவிட்டுத் தலைநிமிர்ந்து பார்க்கும் பார்வை, வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காது.

குழந்தையும் வாசிப்பும் என்ற தலைப்பைத் தந்திருக்கிறீர்கள். அதைச் சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளையும் அவர்களைப் பெற்றவர்களின் பயத்தையும் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால், ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இந்த வயதைப் பற்றித்தான்.

போன மாதம் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக்கடை வாசலில் என் பழைய மாணவி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், பாப்பாவுக்கு மூணே முக்கால் வயசு. ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் போட்டுடறா. ஸ்லாண்டிங் லைன் வரலைன்னு மிஸ் டைரில எழுதி அனுப்பறாங்க. எதிர் ஃப்ளாட் பையன் ஃபோனிக்ஸ் கிளாஸ் போறான், மூணெழுத்து வார்த்தையெல்லாம் படிக்கிறான். ராத்திரி எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்றாள். கண் கலங்கியிருந்தது. பாப்பாவோ அதற்குள் கடை வாசலில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நின்று, "இது பேசுமா? காசு போட்டா பேசுமா? யாரு உள்ள இருக்காங்க?" என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா பார்த்தது கோட்டை. நான் கேட்டது கேள்வியை. இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று வயதுக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு வரி நோட்டில் எழுதச் சொல்கிறோம். அந்தக் கை எப்படிப்பட்டது என்று பார்த்திருக்கிறோமா? மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் ஆண்டில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். மூன்று வயதை ஒட்டி மூன்றாவது, நான்கு வயதை ஒட்டி நான்காவது, பிறகு ஆறு வயதுக்குள் இன்னும் மூன்று. கடைசி ஒன்று எட்டு வயதுக்கு மேல்தான். எக்ஸ்ரேயில் இந்தக் கையைப் பார்த்துக் குழந்தையின் எலும்பு வயதை மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். மூன்றே முக்கால் வயதில் சாய்கோடு கோணலாக வருகிறது என்றால், கை அந்த வயதுக்குரிய கையாக இருக்கிறது என்றுதான் பொருள். சப்பாத்தி மாவைப் பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும், மண்ணை அள்ளி வீடு கட்டட்டும். பென்சில் பிடிக்கப் போகும் விரல்கள் அங்கேதான் தயாராகின்றன.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்துச் சொன்னதல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தை முதலில் மணலில் விரலால்தான் எழுதியது. ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் மிச்சம் அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த நாளே பென்சிலைத் திணித்துவிடுகிறோம்.

இந்த மணலுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. நமது கடற்கரை–தாம்பரம் ரயில் தடத்தில் இருக்கும் எழும்பூரில் 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஓர் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். எழுத்து கற்பிப்பது பெரும் பாடாக இருந்தது. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். திரும்பி வந்து, தம் பள்ளியின் கடைசி வகுப்புக்கும் மணல் பரப்பச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் முடியாது என்று சொல்லிவிட, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் தன்னைவிடச் சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக் காட்டினான். பெல் இங்கிலாந்து திரும்பி 1797இல் இதை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது அந்த நாட்டின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு இன்றைக்கும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. ஏறக்குறைய முந்நூறு பேர் அவருடைய முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். சில மாதங்கள் தங்கிச் செல்ல வந்தவர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டுக் குடிமகள் என்பதால் அவருடைய நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாக இருந்து, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அவர் குழந்தைகளுக்குக் கொடுத்தது உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. குழந்தை அதை விரலால் தடவும், தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். கைக்குப் பென்சில் வருவதற்குள் எழுத்தின் வடிவம் விரலில் ஏறியிருக்கும். எழும்பூர் மணலும் அடையாற்று உப்புத்தாளும் சொன்னது ஒன்றுதான்: விரல் முதலில், பென்சில் பிறகு. இந்த இரண்டு இடங்களுக்கும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாம் அதைக் கைவிட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால் அது இதிலிருந்து வந்ததுதான்.

1996இல் என் மகனுக்கு நான்கு வயது ஆகவில்லை. இந்தப் பகுதியில் பெயர்பெற்ற ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க நேர்முகத் தேர்வு. அரசுப் பள்ளி ஆசிரியையான நானே என் பிள்ளையை அங்கே அழைத்துக்கொண்டு போனேன். பட அட்டையில் ஒரு குடை. ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார்கள். அவன் "கொட" என்றான். பிறகு யாரும் கேட்காமலேயே தொடர்ந்தான்: தாத்தாவின் குடையில் ஒரு கம்பி உடைந்துவிட்டது, அதைத் தாத்தா நூலால் கட்டினார், மழையில் நூல் அவிழ்ந்து தாத்தாவின் ஒரு தோள் மட்டும் நனைந்தது. இதை அவன் முதலிலிருந்து கடைசி வரை வரிசை மாறாமல் சொன்னான். அந்த அம்மையார் ஒரு தாளில் ஏதோ குறித்தார். எழுத்து அறிமுகம் போதாது என்று பிறகு சொன்னார்கள். இடம் கிடைக்கவில்லை.

அன்றிரவு நான் அவனை உட்காரவைத்து ஒரு பக்கம் முழுக்க ஆங்கில 'ஏ' எழுதவைத்தேன். பாதியில் தூங்கி விழுந்தான். எழுப்பி எழுதவைத்தேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள். என் பிள்ளை ஒரு முழுக் கதையைச் சொன்னதை நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அவன் சொல்லாத ஒரு ஆங்கிலச் சொல் மட்டும்தான்.

வாசிப்பு என்பது எழுத்தைக் கூட்டி ஒலிப்பதோடு முடிவதில்லை. ஒலித்ததில் ஒரு குடை இருக்கிறது, அதற்குக் கம்பி இருக்கிறது, மழை பெய்தால் என்ன ஆகும் என்று உள்ளே ஓடவேண்டும். அந்த ஓட்டம் பேச்சில்தான் உருவாகிறது. எழுத்துகளைச் சில மாதங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்: ஆறு வயதில் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்த குழந்தை, பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்திருந்தால், பொங்கலுக்குள் படிக்கத் தொடங்கிவிடும். எல்லா எழுத்தும் தெரிந்து வந்து, பேச்சே இல்லாமல் இருந்த குழந்தைதான் இரண்டாம் வகுப்பில் தடுமாறும். பேச்சில்லாமல் வந்த குழந்தைக்கு அதை ஊட்ட ஓர் ஆண்டு போதவில்லை.

மூன்றெழுத்துச் சொல்லுக்கு வருகிறேன். எதிர் ஃப்ளாட் பையன் படிக்கிறானே, அந்த 'கேட்', 'மேட்', 'ரேட்'. வீட்டில் ஆங்கிலம் புழங்கினால் அது நல்ல பயிற்சிதான். ஆனால் வீட்டில் அவன் தினமும் பார்ப்பது பூனை. க-ஏ-ட் என்று அரும்பாடுபட்டு ஒலிகளைக் கூட்டி முடித்த பிறகும் அவனுக்குள் ஒன்றும் எழும்பாது. 'கேட்' என்றால் பூனை என்று இன்னொருவர் சொல்லவேண்டும். ப-ட-ம் என்று கூட்டிய குழந்தைக்கு யாரும் பொருள் சொல்லத் தேவையில்லை. 'படம்!' என்று அதுவே கத்தும். தெரிந்த சொல்லுக்குள் தானே புகுந்துவிட்ட மகிழ்ச்சி அது. தெரியாத எழுத்து, தெரியாத மொழி என்று இரண்டு சுமையை ஒரே தோளில் ஏற்றுகிறோம். பிறகு தோள் வலுவில்லை என்று கவலைப்படுகிறோம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டும், நன்றாக வேண்டும். ஆனால் அந்த மொழியின் எழுத்துமுறை அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே கடினமானது. பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகள் முதல் ஆண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் எவ்வளவு படிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. பின்லாந்துக் குழந்தைகள் பழக்கமான சொற்களில் நூற்றுக்கு 98ஐச் சரியாகப் படித்தார்கள். அவர்கள் பள்ளிக்கு வருவதே ஏழு வயதில். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகள் 34ஐத்தான் படித்தார்கள். அவர்கள் ஐந்து வயதிலேயே பள்ளியில் இருந்தவர்கள். நியூசிலாந்தில் ஐந்து வயதில் படிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். பதினோரு வயதுக்குள் இரு தரப்பும் ஒரே மாதிரி படித்தன. முந்திக் கிளம்பியவர்கள் முன்னால் போய் நிற்கவில்லை.

நம் தமிழ் எழுத்தைப் பற்றி வேறொரு பயம் உண்டு. "247 எழுத்து டீச்சர், பாவம் குழந்தை, ரெண்டாங்கிளாஸ்ல பாத்துக்கலாம்" என்பார்கள். 247 என்ற எண் இலக்கணக் கணக்கு. குழந்தை கற்கவேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, துணைக்கால், கொம்பு, இணைக்கொம்பு, மேல்விலங்கு, கீழ்விலங்கு முதலிய குறிகள். துணைக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கா, சா, தா, பா எல்லாம் வந்துவிடும். முன்பு ணா, றா, னா, ணை, லை முதலியவற்றுக்குத் தனி வடிவம் இருந்தது. பெரியார் 1930களிலிருந்தே கையாண்டுவந்த சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணையிட்டது. பதின்மூன்று வடிவங்கள் ஒழுங்குக்கு வந்தன. நான் படித்தபோது யானைத் துதிக்கை போலச் சுழித்து 'னை' எழுதியிருக்கிறேன். என் மாணவர்களுக்கு அந்தப் பாடு இல்லை.

கடினமான இடங்களும் உண்டு. பெற்றோர் அவற்றைத் தெரிந்துகொண்டால் குழந்தையைத் திட்டமாட்டார்கள். 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது க், பிறகு எ. தாளில் கொம்புதான் முதலில் நிற்கிறது. காது கேட்கும் வரிசையும் கண் பார்க்கும் வரிசையும் அங்கே மாறிப்போகின்றன. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். உகர வரிசை இன்னும் கடினம்: கு, சு, து, நு என்று மூன்று நான்கு விதமாக உருமாறும். அதில் ஒரு குழந்தை தடுக்கினால் அது மந்தம் அல்ல, எழுத்தின் இயல்பு அப்படி. 'காகம்' என்பதில் முதல் க வேறு ஒலி, இரண்டாம் க வேறு ஒலி. அதையும் குழந்தை எப்படியோ தானாகவே சரிசெய்துகொள்கிறது. ஏனென்றால் காகத்தை அதற்கு முன்பே தெரியும்.

கன்னடக் குழந்தைகள் எழுத்து கற்கும் வேகத்தை பெங்களூரைச் சேர்ந்த சொனாலி நாக் ஆராய்ந்து 2007இல் எழுதினார். நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்துமுறையில் கற்றல் ஒன்றாம் வகுப்போடு முடிவதில்லை. பல ஆண்டுகள் நீளும், அது இயல்பு என்பது அதிலிருந்து தெளிவாகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது அதுவும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கானதாக இருந்தது. எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்கவேண்டும் என்பது அதன் இலக்கு. எட்டு வயது! கேம்ப் ரோட்டில் அழுத பெண்ணின் குழந்தைக்கு இன்னும் நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

சரி, எதில் தொடங்குவது? சுவரில் தொங்கும் அட்டையில் உ என்றால் உரல். மேடவாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் வளரும் குழந்தை உரலைக் கண்டதில்லை. அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க வந்தபோது அ, ஆ வரிசையை ஒதுக்கிவைத்தது. பட்டா, படி என்ற சொற்களில் பாடத்தைத் தொடங்கியது. நிலத்துக்குப் பட்டா கேட்டு அலைந்தவருக்கு அது உயிருள்ள சொல். நம் குழந்தைக்கு எது உயிருள்ள சொல்? அதன் பெயர், அம்மா, அப்பா, தங்கை, தினமும் கண்ணில் படும் பலகை.

இந்த ரயில் தடத்தில் வளரும் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள். 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் மஞ்சள் பலகை. தாம்பரம் என்பதில் புள்ளி வைத்த ம் இரண்டு முறை வருகிறது. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ரயில் நகர்ந்தால் சானடோரியம், அதிலும் கடைசியில் ம். குரோம்பேட்டையில் நடுவில் ஒளிந்திருக்கிறது. பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம். மாம்பலம் போய்ச் சேர்வதற்குள் ஒரு மூன்று வயதுக் குழந்தை ம் என்ற எழுத்தை மறக்கமுடியாதபடி பிடித்துக்கொண்டுவிடும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று சொன்னால் அந்த ஒலி. பசுவும் அதைத்தான் சொல்லும், கதை கேட்கும்போது நாமும் அதைத்தான் கொட்டுகிறோம். நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம். சன்னலோர இடம் கிடைத்தால் போதும். குழந்தை கவனிக்காமல் வேடிக்கை பார்த்தால் விட்டுவிடுங்கள். அடுத்த ரயிலிலும் ம் இருக்கும்.

இன்னொன்று தமிழுக்கே உரிய செய்தி. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். குழந்தை 'வாழப்பழம் சாப்ட்டேன்' என்கிறது. புத்தகம் 'வாழைப்பழம் சாப்பிட்டேன்' என்கிறது. எழுத்தைக் கூட்டிப் படித்தால் வருவது அது வீட்டில் கேட்காத சொல். ஆகையால் எழுத்து வருவதற்கு முன்பே எழுத்துத் தமிழ் காதில் விழுந்திருக்கவேண்டும். அதற்கு ஒரே வழி மடியில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிப்பதுதான். முதலில் புத்தகத்தில் இருப்பதைப் படியுங்கள், பிறகு உங்கள் பேச்சில் சொல்லுங்கள். அதே புத்தகத்தை நாற்பதாவது முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பதாவது முறையில்தான் குழந்தை அடுத்த சொல்லை நமக்கு முன்பே சொல்லும். பெற்றோருக்கே படிக்கத் தெரியாவிட்டால்? படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு அம்மா எழுத்தே அறியாமல் ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தன் பிள்ளையைச் சிரிக்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் எடுத்த எந்தப் பாடமும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

தலைகீழாக எழுதுகிறான், இடவலமாகப் புரட்டுகிறான், வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவா என்று கேட்பவர்கள் இப்போது மிகுதி. ஒரு கோப்பையின் கைப்பிடி இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்று நம் மூளை பார்த்துப் பழகியிருக்கிறது. எழுத்துதான் அந்த விதியை மீறுகிறது. ஆங்கில 'பி'யை (b) இடவலமாகத் திருப்பினால் 'டி' (d) என்று சொல்கிறது. அதைக் குழந்தையின் மூளை புதிதாகப் பழகவேண்டும். ஆறேழு வயது வரை புரட்டி எழுதுவது எங்கும் காணக்கூடியது. அதற்குப் பிறகும் நீடித்து, படிப்பும் வராவிட்டால் அப்போது ஆலோசனை கேளுங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து தியாகராய நகரில் இதற்காகவே இயங்குகிறது.

கவலைப்படவேண்டிய இடங்கள் வேறு. அவற்றில் பலர் கவலைப்படுவதில்லை என்பதுதான் என் கவலை. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புகிறதா? மூன்று வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா? நான்கு வயதில் அதன் பேச்சு வெளியாருக்குப் புரிகிறதா? தொலைக்காட்சிக்கு மிக அருகே போய் நிற்கிறதா? காது வழியாகத்தான் மொழி வருகிறது. கேட்கும் திறன் குறைவு என்றால் காலம் கடத்தவே கூடாது. காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் கிடைக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சாய்கோடு வரவில்லை என்று நான்கு இடம் அலைந்த ஒரு குடும்பம், பிள்ளைக்கு ஒரு காது கேட்கவில்லை என்பதை ஐந்தரை வயதில் கண்டுபிடித்தது. என் வகுப்பில் நடந்தது இது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பேராசிரியர் யஷ்பால் குழு 1993இலேயே மழலையர் பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்றது. அது வந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் என் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டுவதைத் தடைசெய்து அபராதமும் விதிக்கிறது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்.கே.ஜி.க்கு எப்படித் தகும்? டைரியில் வீட்டுப்பாடம் வரும் பெற்றோர் தனித்தனியாக நில்லாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பெற்றோரின் பயத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்ணகி நகரிலிருந்தோ செம்மஞ்சேரியிலிருந்தோ பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களுக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் ஒரு பெண், சம்பளத்தில் பாதியைப் பிள்ளையின் யு.கே.ஜி. கட்டணத்துக்குக் கட்டுகிறாள். எழுத்து தெரியாததால் தான் என்னென்ன இழந்தோம் என்பதை அவள் எந்த ஆய்வாளரையும்விட நன்றாக அறிவாள். படிவம் நிரப்ப யாரையோ கெஞ்சியிருக்கிறாள், பேருந்து எண்ணை யாரையோ கேட்டிருக்கிறாள். உலகத்தைப் பற்றிய அவளுடைய பயம் முழுக்க உண்மை. பிள்ளையைப் பற்றிய பயம்தான் இடம் மாறிப் போயிருக்கிறது. அவளிடம், எழுத்து தானாக வரும், போங்கள் என்று சொல்லி அனுப்புவது நேர்மையாகாது. எழுத்து வரும். அதற்கு முன்னால் வரவேண்டிய பேச்சுக்கும் பாட்டுக்கும் கதைக்கும் அவள் வீட்டில் நேரமில்லை என்றால், அதைக் கொடுக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது.

தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. அவற்றுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பெயரே நான் இவ்வளவு நேரம் சொன்னதைச் சொல்லிவிடுகிறது. அங்கே ஒரே பணியாளர் சமையலையும் எடையையும் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டு, கதையும் சொல்லவேண்டியிருக்கிறது. பள்ளிகளுக்கென வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று வரிசைப்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த நான்கு சொற்கள். அந்த நுழை என்பதற்கும் முன்னால் ஒரு படி, மடியில் உட்கார்ந்து கேட்கும் படி, அங்கன்வாடியில் வேண்டும். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அதில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். ஆனால் தினமும் கைக்கு எட்டவேண்டியது வீட்டுக்கு நூறடி தூரத்தில் இருப்பதுதான்.

அதனால் அறக்கட்டளையினரிடம் ஒரு வேண்டுகோள். இன்று எனக்குத் தரும் தொகையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குத் தமிழ்ப் படப் புத்தகங்கள் வாங்கி, இந்த அரங்குக்குப் பக்கத்தில் உள்ள அங்கன்வாடிக்குக் கொடுங்கள். எழுத்து குறைவாக, படம் பெரிதாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நன்கொடைப் புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்று பயந்து, அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற அங்கன்வாடிகளை நான் பார்த்திருக்கிறேன். கிழிந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்கமாட்டோம், அடுத்த ஆண்டு வேறு வாங்கித் தருவோம் என்று அந்தப் பணியாளரிடம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். நானும் கையெழுத்திடுகிறேன்.